நாற்பத்துநாலில் விழுந்த முப்பத்தெட்டு

துணித்துண்டைச் சுற்றிய கம்பி குழலுக்குள் இறங்கும்போது கைக்கு ஒரு பிடிப்புத் தெரிய வேண்டும். இறுகி, முனகி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். அந்தப் புதன்கிழமை அது கை நழுவிய வாளி கிணற்றுக்குள் போவது மாதிரி ஒரே இறக்கமாக இறங்கி, அடியில் போய் ‘டக்’ என்று நின்றது. 

பாண்டித்துரை கம்பியை வெளியே எடுத்தான். மறுபடி விட்டான். மறுபடியும் ‘டக்’.

அமீரகத்தில், அல் ஐன் ஊரில், முதலாளி மஹ்மூது அர்பாபின் வீட்டில், விருந்தினர் உட்காரும் மஜ்லிஸை ஒட்டி ஒரு ஏசி அறை இருந்தது. அதில் கண்ணாடி அலமாரிக்குள் ஒன்பது துப்பாக்கிகள். எல்லாமே பழைய அமெரிக்கத் துப்பாக்கிகள், ஒரே வகை. விசைக்குக் கீழே விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம் இருக்கும். அதுதான் லீவர். அதை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் பழைய தோட்டா வெளியே துள்ளும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். அவற்றைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் பாண்டித்துரை வேலை. சாவி அவன் இடுப்பில். அந்த வீட்டில் அந்தச் சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது, இன்னொருவர் அர்பாப்.

இத்தனைக்கும் அவன் துப்பாக்கி வேலைக்கென்று போனவன் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். கட்டடத்தில் கம்பி கட்டப் போனான். கம்பெனி படுத்துவிட்டது. அர்பாப் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச எடுத்துக்கொண்டார். ஒருநாள் மோட்டார் பம்பு மக்கர் செய்ய, அதைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் ஒரு துண்டின் மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தான். வலது பக்கத்து நட்டு வலது பக்கம், இடது பக்கத்து நட்டு இடது பக்கம். அந்தப் பக்கம் வந்த அர்பாப் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டார். அவன் அடுக்கிய வரிசைக்குக் கிடைத்த வேலை அது. அந்த வரிசைதான் குலைந்திருந்தது.

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தத் துப்பாக்கிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லை. பாண்டித்துரை படித்தது எட்டாவது, அதிலும் இங்கிலீஷ் ஏறவில்லை. ஆனால் விருந்தாளி வரும்போதெல்லாம் அர்பாப் அதே கதையை அதே வரிசையில் சொல்வார், இவன் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவான். ஆறு வருஷம் கேட்டால் யாருக்குத்தான் பாடமாகாது?

முதலில் வந்ததில் தோட்டாவுக்குக் கூடே கிடையாது. ஈயக் குண்டின் வயிற்றைக் குடைந்து அதற்குள்ளேயே மருந்தை அடைத்துவிடுவார்கள். சத்தம் பெரிசு, அடி சிறிசு. அப்புறம் ஹென்றி என்று ஒன்று. செம்புக் கூடு, அதன் அடிவிளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து, விளிம்பில் தட்டினால் வெடிக்கும். நாற்பத்துநாலு நம்பர். பதினாறு குண்டு நிறுத்தாமல் சுடலாம் என்றதும் உலகமே வாயைப் பிளந்ததாம். அதற்கப்புறம் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் வருஷத்து வின்செஸ்டர், உடம்பெல்லாம் மஞ்சளாகக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். பக்கவாட்டில் சின்ன மூடி வைத்து அந்த வழியாகத் தோட்டா திணிக்கிற வித்தை அதில்தான் வந்தது. துருக்கிக்காரர்கள் அதை ஆயிரம் ஆயிரமாக வாங்கினார்கள். எழுபத்துமூன்றில் இரும்பு உடம்பு வந்தது. தோட்டாவும் மாறியது. பித்தளைக் கூடு, அடியில் நட்டநடுவில் பொட்டு மாதிரி பற்றவைக்கும் மருந்து. குண்டு நாற்பத்துநாலு, உள்ளே மருந்தின் எடை நாற்பது. நாற்பத்துநாலு-நாற்பது என்றுதான் பெயர். பிறகு எழுபத்தாறு, எண்பத்தாறு என்று மாடு மாதிரிப் பெரிய தோட்டா போடுகிறவை வந்தன. தொண்ணூற்று நாலில் வந்தது மெலிசு. அதில் முப்பது-முப்பது, புகையே இல்லாத மருந்து.

அர்பாப் அலமாரியில் எழுபத்துமூன்றாம் வருஷத்து மாதிரி இரண்டு இருந்தன. வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று அர்பாபின் தாத்தா மஸ்கட் சந்தையில் வாங்கி ஒட்டகத்தில் கொண்டுவந்தது. அதில் எந்த இடத்திலும் நம்பர் கிடையாது. ஏனென்றால் ஆரம்பத்தில் அந்த மாதிரித் துப்பாக்கிக்கு நாற்பத்துநாலு ஒன்றுதான் தோட்டா. ஒரே பிள்ளை இருக்கிற வீட்டில் மூத்தவன் இளையவன் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஏழெட்டு வருஷம் கழித்து முப்பத்தெட்டு என்று இன்னொன்று வந்தபோதுதான் நம்பர் குத்த ஆரம்பித்தார்கள். அலமாரியிலிருந்த இன்னொன்று அந்த முப்பத்தெட்டு. அர்பாப் வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தது. குழல் மேலிருந்த எழுத்தை யாரோ புண்ணியவான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டிருந்தான். மிச்சம் இருந்தது, துப்பாக்கியின் வயிற்றுப் பக்கம் திருப்பினால் தெரிகிற பித்தளைக் கட்டையில் குத்தியிருந்த முப்பத்தெட்டு மட்டும்தான். தோட்டாவை அடியிலிருந்து மேலே தூக்கிக் கொடுக்கிற கட்டை அது. இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே அளவு. ஒன்றினுடையது மற்றதில் வழுக்கிக்கொண்டு உட்காரும்.

பாண்டித்துரைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு துப்பாக்கிக்கு ஒரு தட்டு. ஒன்றைப் பிரித்துக் கழுவிப் பூட்டி அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவான். இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் அந்தச் சட்டத்தை அவனே மீறினான். அன்றைக்கு டிரைவர் நூஹு, பாண்டித்துரையின் மனைவிக்கும் மகளுக்கும் விசிட் விசா எடுக்கப் பேப்பர் அடிக்க வேண்டும், டைப்பிங் சென்டர் மூடுவதற்குள் போட்டோவோடு வா என்று வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு துப்பாக்கியும் பிரித்தாகிவிட்டது. ஒரே தட்டில், ஒரே மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் போட்டுக் கழுவி, அவசர அவசரமாகப் பூட்டிவிட்டு ஓடினான். மூன்று வருஷமாகப் பார்க்காத பெண்டாட்டி. கைக்குழந்தையாகப் பார்த்த மகள். ஓடினான் என்று அவனைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் தப்பு தப்புதான்.

அதற்குப் பிறகு நடந்தது அவனுக்குத் தெரியாது. அர்பாபுக்குப் பேரன் பிறந்திருந்தான். எழுபது வருஷமாகச் சுடாமல் கிடந்த தாத்தாவின் துப்பாக்கியை அந்தச் சந்தோஷத்தில் ஒருதரம் சுட வேண்டும் என்று அவருக்கு ஆசை. லைசன்ஸ் எல்லாம் வாங்கிவிட்டுத் தோட்டாவுக்குச் சொல்லி அனுப்பினார். நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று விற்கிறவன் கேட்டிருக்கிறான். அர்பாப் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றில் முப்பத்தெட்டு! இத்தனை காலம் நாற்பத்துநாலு என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்தோமே என்று அவருக்கு வெட்கம். முப்பத்தெட்டே வரவழைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் பெட்டியோடு வந்து மேஜையில் வைத்துவிட்டு, “பாண்டி, சின்னத் துணி போட்டுத் துடை. இது முப்பத்தெட்டு. நமக்குத்தான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் மஸ்ராவில் சுடுகிறோம்” என்று இந்தியும் அரபியும் கலந்து சொல்லிவிட்டுப் போனார். மஸ்ரா என்றால் அவருடைய பேரீச்சைத் தோட்டம்.

சின்னத் துணிதான் அப்படி ‘டக்’ என்று விழுந்தது.

பெரிய துணி போட்டான். இறுகி, முனகி, ஒழுங்காகப் போனது. துப்பாக்கியைத் திருப்பினான். முப்பத்தெட்டு. ஓடிப்போய் இன்னொன்றை எடுத்துத் திருப்பினான். மொட்டை. பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தான். கழுத்துப் பக்கம் சீசா மாதிரி சுருங்கித் தோள் வைத்திருந்தது. நாற்பத்துநாலின் குழிக்குள் இது போகாது என்றால் கவலையே இல்லை. கூட்டின் அடிப்பாகம் இரண்டுக்கும் ஒன்று. போகும். லீவரும் மூடும். வெடிக்கவும் வெடிக்கும். ஆனால் அந்தச் சுருங்கின கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள உள்ளே சுவர் இருக்காது. மெலிசான பித்தளை பிளக்கும். நெருப்பு பின்னால் வரும். பின்னால் இருப்பது அர்பாபின் கண்.

அன்றைக்கு அவனால் உட்கார முடியவில்லை. அறையைப் பூட்டினான், திறந்தான். ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்தான். கடைசியில் நூஹுவின் அறைக்குப் போனான். நூஹு கீழக்கரைக்காரர், ஐம்பது வயது, அந்த வீட்டில் இருபது வருஷ சர்வீஸ். ரொட்டியைச் சாயாவில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“என்ன மாப்ள, மொகம் வெளுத்துப்போயிக் கெடக்கு?”

பாண்டித்துரை எல்லாவற்றையும் கொட்டினான். நூஹு ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார்.

“நீ சொல்றது எனக்கு ஒரு மண்ணும் வெளங்கல. குண்டு உள்ள போவுதா, இல்லையா?”

“போவுது பாய்.”

“வெடிக்குமா?”

“வெடிக்கும்.”

“அப்ப என்னய்யா ஒனக்கு?”

“கூடு பொளந்துக்கும் பாய். நெருப்பு மூஞ்சிக்கு வரும். அவரு கன்னத்தத் துப்பாக்கி மரத்துல வச்சு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நிப்பாரு.”

நூஹு மெல்லுவதை நிறுத்தினார். “நிச்சயமா வருமா?”

“நிச்சயம்னு எப்புடிச் சொல்ல? வராமயும் போவும். குண்டு சும்மா கொழலுக்குள்ள கடகடன்னு உருண்டு பத்தடி தள்ளி விழுந்தாலும் விழும்.”

“ஒம் பேப்பர்ல கையெழுத்து எப்ப?”

“சனிக்கெழம.”

“அப்ப சனிக்கெழம வரைக்கும் வாய மூடு.” நூஹு மறுபடி ரொட்டியை நனைத்தார். “ஒனக்கு முன்னாடி லுக்மான்னு ஒருத்தன் இருந்தான். ஒரே ஒரு ஸ்க்ரூ. அதோட தலைய மொட்டையாக்கிப்புட்டான். ரெண்டாம் நாளு டிக்கெட்டு. நாந்தான் ஏர்போர்ட்ல கொண்டுபோயி விட்டேன், அழுதுக்கிட்டே போனான். நீ கட்டையவே மாத்தி, அவரு தாத்தாவப் பொய்யனாக்கி வச்சிருக்க.”

“கண்ணு போச்சுன்னா?”

“அல்லா காப்பாத்துவான்.”

“அல்லாவுக்கு இதான் வேலையா பாய்?”

“போடா வெளிய” என்றார் நூஹு. அப்புறம் அவரும் ரொட்டியைத் தின்னவில்லை.

சாயங்காலம் நாகவள்ளி போன் செய்தாள். அவன் மனைவி, மாமன் மகளும்கூட. பட்டென்று பேசுகிறவள்.

“மச்சான், கையெழுத்து ஆச்சா?”

“சனிக்கெழம போடுவாரு புள்ள.”

“ஒங்க ஊருல சனிக்கெழம வருசத்துக்கு ஒருக்கத்தான் வருமா? பாஸ்போட்டு எடுத்து ஏழு மாசமாச்சு. பரமக்குடி போயிப் பொட்டி வாங்கிட்டேன், சக்கரம் வச்சது. தெருவுல உருட்டிப் பாத்தேன். ஒங்க மக அதுமேல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குறா. வெளிநாட்டுக்கு இப்புடியேதான் போவாளாம்.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“அந்தத் துப்பாக்கியெல்லாம் எனக்குக் காட்டுவீகள்ல?”

“ம்.”

“என்ன ‘ம்’மு? ஒடம்பு சரியில்லையா?”

“சிக்னல் இல்ல வள்ளி” என்று வைத்துவிட்டான். சிக்னல் நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அவன் ஒரு காரியம் செய்தான். இரண்டு துப்பாக்கியையும் தனித்தனித் தட்டில் பிரித்து, கட்டைகளை அதனதன் இடத்தில் மாட்டினான். கால் மணி நேர வேலை. இப்போது தாத்தாவின் துப்பாக்கியில் நம்பர் இல்லை. நாளைக்கு அர்பாப் திருப்பிப் பார்ப்பார், முப்பத்தெட்டைக் காணோமே என்று திகைப்பார், நின்றுவிடுவார், நாம் வாய் திறக்க வேண்டியதே இருக்காது. இப்படி ஒரு கணக்கு. பயம் வந்தவன் போடுகிற கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும், அடுத்தவன் தலையில் வேலையைக் கட்டிவிட்டுத் தான் நிம்மதியாக மூச்சுவிடப் பார்க்கும். ஒரு தடவை பார்த்துத் தெரிந்துகொண்ட நம்பரை எவனாவது திரும்பத் திரும்பப் பார்ப்பானா?

அர்பாப் பார்க்கவில்லை. மத்தியானம் அறைக்கு வந்தார். தாத்தாவின் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு, அபுதாபியிலிருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தார். நாளைக்கு அவரும் வருகிறார். ஸ்பீக்கரில் பேசியதால் பாண்டித்துரைக்குக் கேட்டது.

“நாற்பத்துநாலு இல்லையாம். முப்பத்தெட்டாம்” என்றார் அர்பாப்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “நான் அப்போதே சொன்னேன். தாத்தா ஒட்டகத்தை எண்ணினாலே ஒன்று கூடத்தான் வரும். எண்ணத் தெரியாத மனிதர். நீதான் வேதவாக்கு மாதிரி அவர் சொன்னதையெல்லாம் பிடித்துக்கொண்டு திரிந்தாய்.”

அர்பாபும் சிரித்தார். போனை வைத்த பிறகு சிரிப்பு இல்லை. துப்பாக்கியின் பின்பக்க மரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர், அறுபது வயது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பையன் மாதிரி இருந்தார். பாண்டித்துரை வாயைத் திறந்தான்.

“அர்பாப்...”

“ஹாங், உன் பேப்பர். மேஜையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் போடுகிறேன், நூஹு எடுத்துக்கொண்டு போகட்டும். மறக்கவில்லை.” அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பாண்டித்துரை துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

வெள்ளிக்கிழமை மஸ்ராவுக்கு நூஹு வண்டி ஓட்டினார். பாண்டித்துரை பின் சீட்டில் துப்பாக்கிப் பெட்டியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டே வந்தான். ஹஃபீத் மலை ஜன்னலோடு கூடவே வந்தது. நூஹு கண்ணாடியில் பார்த்தார்.

“கால ஆட்டாத. வண்டியே ஆடுது.”

“பாய், நீங்க சொல்றீகளா? ஒங்க மேல அவருக்கு நம்பிக்க.”

“எனக்கு அந்த நம்பிக்க வேணும் மாப்ள. மூணு பொட்டப்புள்ள கெடக்கு” என்றார் நூஹு. அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்க முடியாது.

பேரீச்சை வரிசைக்கு அந்தப் பக்கம் வெறும் மணல்மேடு. அதன் அடியில் ஒரு பழைய டிரம்மை நிறுத்தி வைத்திருந்தார்கள். மரத்தடியில் கம்பளம் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர். அண்டாவில் ஆட்டிறைச்சியும் சோறும் வெந்துகொண்டிருந்தன. அண்ணன் வந்துவிட்டிருந்தார். பேரனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டி, சத்தம் ஆகாது என்று காருக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

தொழுகை முடிந்தது. அர்பாப் கையை நீட்டினார். பாண்டித்துரை துப்பாக்கியைக் கொடுத்தான். அர்பாப் கதையை ஆரம்பித்தார், மஸ்கட் சந்தை, ஒட்டகம், எல்லாம். நம்பர் வருகிற இடத்தில் மட்டும் குரல் தாழ்ந்தது. அண்ணன் விடவில்லை. “முப்பத்தெட்டு! முப்பத்தெட்டு!” என்று எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அர்பாப் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தார். பக்கவாட்டு மூடிமேல் அதன் மூக்கை வைத்தார்.

அவனுடைய கால்தான் முதலில் நகர்ந்தது, அவன் பிறகுதான் நகர்ந்தான் என்று நூஹு பின்னால் சொல்வார்.

“அர்பாப், மாஃபி. மாஃபி. வேண்டாம். ஒரு நிமிஷம்.”

கூட்டத்தில் வேலைக்காரன் கைநீட்டித் துப்பாக்கியைப் பிடித்தால் எப்படி இருக்கும்? அண்ணன் எழுந்தே விட்டார். அர்பாபின் முகம் கறுத்தது. ஆனால் பிடியைத் தளர்த்தினார். பாண்டித்துரை லீவரை முன்னால் தள்ளி உள்ளே காலி என்று எல்லாருக்கும் காட்டினான். துப்பாக்கியை நட்டமாக, வாய் மேலே பார்க்க நிறுத்தினான். அர்பாபின் கையிலிருந்த தோட்டாவை வாங்கினான். தலைகீழாகத் திருப்பி, அதன் குண்டை அந்தக் குழல் வாயில் வைத்தான். விரலை எடுத்துக்கொண்டான்.

குண்டு உள்ளே இறங்கிப் பித்தளைக் கழுத்து வரைக்கும் போய் உட்கார்ந்தது. சுண்டுவிரலால் தட்டினான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடகடவென்று ஆடியது.

துப்பாக்கி தெரிந்தவர்கள் அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். சரியான குண்டு என்றால் குழல் வாயில் மூக்கோடு நின்றுவிடும். யாரும் சிரிக்கவில்லை.

அர்பாப் குனிந்து பார்த்தார். துப்பாக்கியை வாங்கித் திருப்பி வயிற்றைப் பார்த்தார். அங்கே நம்பர் இல்லை.

“யார்?”

“நான்தான். இரண்டையும் ஒரே தட்டில் கழுவினேன். கட்டை மாறிவிட்டது. நேற்றுத் திருப்பி மாட்டினேன்.”

அண்ணன் கேட்டார். “அப்படியென்றால் தாத்தா?”

“தாத்தா சரி” என்றான் பாண்டித்துரை. தெரிந்த இந்தி அவ்வளவும் வாயில் வந்து முட்டியது, ஆனால் அதற்கு அந்த இரண்டு வார்த்தை போதும். “நாற்பத்துநாலு. தாத்தா சரி.”

அண்ணன் மெதுவாகக் கம்பளத்தில் உட்கார்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டார். அர்பாபின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த கேள்வியில் அது போயும் விட்டது.

“உனக்கு எப்போது தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரிந்தது, வரும் வழியில்தான் யோசித்தேன் என்று எதையாவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கியிருப்பார்கள்.

“புதன்கிழமை” என்றான்.

அர்பாப் கையைத் தூக்கினார். ஒரு விரல் நீட்டினார். “புதன்.” இரண்டாவது. “வியாழன்.” மூன்றாவது. “வெள்ளி.” அந்த மூன்று விரலையும் தன் கண்ணுக்கு முன்னால் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டு விருந்தாளிகளிடம் திரும்பி, “கலாஸ், முடிந்தது. சோறு ஆறுகிறது, யல்லா, வாருங்கள்” என்றார்.

நூஹு தட்டில் சோறும் கறியும் போட்டு வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்தார்.

“தின்னு.”

“வேணாம் பாய்.”

“நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வெறும் வயித்தோட போவியா? தின்னு.” பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தாளு கண்ணப் பாத்தேன் மாப்ள, ரெண்டும் இருக்கு” என்றார். எழுந்து வண்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போனார், அழுக்கே இல்லாத கண்ணாடியை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். பாண்டித்துரை ஆறு மணியிலிருந்தே மஜ்லிஸ் வாசலில் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான். உள்ளே அர்பாப் தனியாக இருந்தார். மேஜையில் விசா பேப்பர். பேனாவை எடுத்து, தலையைத் தூக்காமல், இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். சீல் வைத்தார். பேப்பரை அவன் பக்கம் தள்ளினார். அவன் எடுக்கக் கை நீட்டும்போது, அவர் கையும் நீண்டது, உள்ளங்கை மேலே பார்க்க.

“சாவி.”

இடுப்பிலிருந்து அவிழ்க்கவே முடியவில்லை. முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்துக் கொடுத்தான்.

“கட்டை மாறியது வேலையில் வருகிற தப்பு” என்றார் அர்பாப். “வேலை செய்கிற எல்லாருக்கும் மாறும். லுக்மானை நான் ஸ்க்ரூவுக்காக அனுப்பவில்லை, அதற்குப் பசை வைத்து ஒட்டினதற்காக அனுப்பினேன். நூஹு உனக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டான். நீ மூன்று நாள் என் முகத்தைப் பார்த்தாய், சாயா கொண்டுவந்து கொடுத்தாய். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.”

“பேப்பர்...” என்று இழுத்தான் பாண்டித்துரை. அதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்ல வந்தான்.

“தெரியும். உன் பெண்டாட்டி என்ன தப்புச் செய்தாள்? வரட்டும், குழந்தையும் வரட்டும். அவர்கள் தங்க ஓர் அறையை ஒழித்துத் தரச் சொல்கிறேன். நீ இன்றையிலிருந்து தோட்டத்துக்குப் போ.”

அவ்வளவுதான். திட்டவுமில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாராவது சொன்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாது. அவன் பாவம் என்று சொன்னால் அதையும் முழுசாக ஒத்துக்கொள்ள முடியாது.

பத்து மணிக்குப் பம்பு செட்டுப் பக்கம் நின்று நாகவள்ளிக்குப் போன் செய்தான். கையெழுத்து ஆகிவிட்டது என்றதும் அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் மகள் அழ ஆரம்பித்தாள். குழந்தை அடங்கட்டும் என்று காத்திருந்து மிச்சத்தையும் சொன்னான். கட்டை, குண்டு, மூன்று விரல், சாவி. மரவரிசைக்கு நடுவே நடந்துகொண்டே சொன்னான், நின்று சொல்ல முடியவில்லை.



“ஏன் மச்சான் புதன்கெழமயே சொல்லல?”

“ஒன் பேப்பருக்காகத்தான் புள்ள.”

“எந்தலையில போடாதீக.” குரல் சட்டென்று ஏறியது. “நான் கேட்டேனா? அந்த மனுசன் ஒத்தக் கண்ணோட நின்னிருந்தா அந்த வீட்டு வாசப்படிய நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஏறுறது? அவரு போட்ட கையெழுத்துல ஏரோப்பிளேன் ஏறி வந்து, அவரு வீட்டு அறையிலயே ஒலை வச்சுச் சோறு திங்குறதா?”

“அதான் கடைசில சொல்லிட்டேன்ல?”

“கடைசில.”

மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“வந்ததும் நானே அவருக்கிட்ட பேசுறேன்” என்றாள்.

“ஒனக்கு இந்தி தெரியாது, அரபியும் தெரியாது.”

“அதனால என்ன, எனக்கு வாயி இருக்குல்ல? அங்க வெயிலு எப்புடி? தோட்டத்துல தொப்பியாவது குடுக்குறாகளா?”

“குடுக்குறாக.”

“பொய்யா?”

“பொய்தான்” என்றான்.

தண்ணீர் அந்த வரிசையை நிறைத்து, பாத்தி உடைந்து, அவன் செருப்புக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வரிசைக்கு மடை மாற்ற வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.